பில்டர் நின்றுபோனால்

ஈச்சிலம்பற்று நேயர்களே, கரண்ட் போய் மீன்தொட்டி பில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டதா? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆபத்து. பழுப்பேறி வழவழக்கும் அந்தப் பில்டர் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் இன்றி அவை மடியும். தொட்டித் தண்ணீரைச் சோதித்தால் அமோனியாவும் நைத்திரைற்றும் 0 காட்ட வேண்டும். கூடியிருந்தால் தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உடனே மாற்றுங்கள். நம் பக்கத்து வெக்கையில் அமோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கிய பிறகே ஊற்றுங்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவவே கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்தெடுங்கள்.