ஆதிச்சநல்லூர் போறீங்களா? ஒருநாள் லீவு போதும்!

கோவில்பட்டி,-

தீப்பெட்டி ஆபீஸ் லீவு, காட்டு வேலையும் இல்லை என்றால் குடும்பத்தோடு எங்கே போகலாம்? திருச்செந்தூர் போகிற வழியில் 3 ஆயிரம் ஆண்டு பழமையான இடுகாடு ஒன்று இருக்கிறது. அதுதான் ஆதிச்சநல்லூர். கோவிலுக்கு போகிற பலரும் பஸ்சில் அதை தாண்டித்தான் போகிறார்கள். இறங்கி பார்ப்பவர்கள்தான் குறைவு.

எப்படி போவது?

கோவில்பட்டியில் இருந்து நெல்லை சுமார் 60 கிலோ மீட்டர். அங்கிருந்து திருச்செந்தூர் பஸ் ஏறினால் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டியதும் ஆதிச்சநல்லூர். ரோட்டு ஓரத்திலேயே பரம்பு. சுமார் 114 ஏக்கர். நிழல் கம்மி. காலையிலேயே போய்விடுவது நல்லது. தண்ணீர், கட்டுச்சோறு கையில் இருக்கட்டும். திறந்திருக்கும் நேரம், வார விடுமுறையை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்ன பார்க்கலாம்?

1876-ல் ஜெர்மனியின் ஜாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டம், வெண்கல பொருட்கள், இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2004-ல் மத்திய தொல்லியல் துறை மீண்டும் தோண்டி, 160-க்கும் மேற்பட்ட தாழிகளை கண்டது. அப்போது கிடைத்த பொருட்களின் வயது கி.மு.905, கி.மு.696 என 2019-ல் தெரியவந்தது.

2023 ஆகஸ்டில் இங்கே தள அருங்காட்சியகம் வந்தது. தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதில் நின்று கீழே பார்த்தால், தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடப்பது தெரியும்.

உயிரோடு புதைத்தார்களா?

'வயசானவங்கள உயிரோட தாழிக்குள்ள வச்சு மூடிருவாங்க' என்று ஊரில் கதை சொல்வார்கள். அது நிஜமல்ல. தாழிகளில் சின்ன வயதுக்காரர்கள், குழந்தைகள் எலும்பும் கிடைத்திருக்கிறது. சில தாழிகளில் முழு உடல் இல்லை. உடல் மக்கிய பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். கூடவே சின்ன பானை, இரும்பு சாமான். செத்தவருக்கு அங்கேயும் தேவைப்படும் என்ற பாசம்தான்.

பெரிய கல்லை சுற்றி நட்ட கல்வட்டம் பார்க்க ஆசைப்பட்டால் புதுக்கோட்டை சித்தன்னவாசல் பக்கமோ, ஈரோடு கொடுமணலுக்கோ போக வேண்டும். ஆதிச்சநல்லூரில் தாழிதான்.

திரும்பும்போது நேரம் இருந்தால் நெல்லை ரெட்டியார்பட்டியில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். சிவகளை, கொற்கை பொருட்கள் அங்கே உள்ளன. சிவகளை தாழியில் கிடைத்த நெல்லின் வயது கி.மு.1155 என்பது குறிப்பிடத்தக்கது.

ஓடு பொறுக்காதீங்க!

பரம்பில் கிடக்கும் பானை ஓட்டை ஞாபகத்துக்கு என்று பையில் போடக்கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தை சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே கிடைக்கலாம்.

நம்ம கரிசக்காட்டில் உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ தாழி தட்டுப்பட்டாலும், புதையல் இருக்கும் என்று கடப்பாறையால் உடைக்காதீர்கள். பெரும்பாலும் எலும்பும் மண்ணும்தான் இருக்கும். உடைந்தால் அது எந்த காலத்து தாழி என்று சொல்ல ஆதாரமே இல்லாமல் போய்விடும். வேலையை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். அவர் தாசில்தாருக்கு தகவல் கொடுப்பார். ரூ.10-க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் உள்ளது.