பாலுக்கும் நெருப்புக்கும் நடுவே தண்ணீர்

மூன்று மாநில எல்லைகள் நெருங்கி நிற்கும் நம் குப்பம் பக்கத்தில் கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். மடியிலிருந்து வரும் பாலின் சூடு சுமார் 37 டிகிரி. கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான சூடு கிடையாது. சில மணி நேரத்தில் 4 டிகிரிக்கு இறக்காவிட்டால் பால் திரிந்துவிடும். கூலி நஷ்டம் மாட்டுக்காரருக்குத்தான்.

குளிர்விக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு தரகர் மாதிரி. தொட்டிக்குள் குளிர்க்குழாய்கள், இயந்திரம் இரவெல்லாம் ஓடி அவற்றின்மேல் ஐஸ் கட்டவைக்கிறது. காலையில் பால் வந்ததும் 1 டிகிரித் தண்ணீரைப் பம்ப் தகடுகளுக்கிடையே தள்ளும். தகட்டின் மறுபக்கம் பால். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்கும். 1000 லிட்டர் பாலை 35-லிருந்து 4-க்கு இறக்க ஏறக்குறைய 370 கிலோ ஐஸ் போதும். இப்போது பாலை நேராகவே குளிர்விக்கும் தொட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் கரண்ட் போனால் கைகொடுப்பது சேர்த்துவைத்த ஐஸ்தான். பம்ப் ஓட்டச் சின்ன ஜெனரேட்டர் போதும். வியாபாரி கண்ணால பார்த்தா இது கையிருப்புச் சரக்கு!

சூடேற்றும்போதும் இதே கதைதான். பதப்படுத்தப் பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைக்க வேண்டும். நேரே நீராவியைக் காட்டினால் பால் தகட்டில் தீய்ந்து ஒட்டும். ஆகவே நீராவி தண்ணீரைச் சூடாக்க, பாலைவிட 2, 3 டிகிரி மட்டுமே கூடுதலான அந்த வெந்நீர் பாலைச் சூடாக்குகிறது. எண்ணெயை வைத்துச் செய்யலாமே என்பீர்கள். ஒரு கிலோ தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எண்ணெய் சுமக்கும். தவிர, தகட்டில் ஓட்டை விழுந்தால் பால் என்ன ஆவது?

காவல்காரன் ஒரு பிளாட்டினக் கம்பி. 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதைப் படித்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி நீராவி வால்வைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்து மூடும். 72-க்குக் கீழே வந்த பாலை இன்னொரு வால்வு திருப்பியனுப்பிவிடும்.

இத்தனையும் கெடுவது நம்ம ஊர் போர்த் தண்ணியால். சூடேறச் சூடேற அதிலுள்ள சுண்ணாம்பு தகட்டில் ஏடாகப் படியும்; வெந்நீர் சூடாகவே இருக்கும், வெப்பம் மட்டும் அந்தப்பக்கம் போகாது. பால் ஓடும் பக்கத்தைத் தினமும் காரமும் அமிலமும் விட்டுக் கழுவுகிறார்கள், தண்ணீர்ப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். உப்பு நீக்கிய தண்ணீரை ஊற்றி, அதையே சுற்றவிடுவது நல்லது. அந்த 2, 3 டிகிரி வித்தியாசம் 5, 6 என்று ஏற ஆரம்பித்தால் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.