பேத்தியின் கண்ணாடியும் பறக்கும் தட்டும்

துக்ளகாபாத் என்றதும் எனக்கு ரயில்வே யார்டுதான் நினைவுக்கு வரும். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிதில், 1982 ஆசிய விளையாட்டுக்காக அங்கே கட்டிய துப்பாக்கி சுடும் மைதானத்தைப் பற்றிப் பேச்சாகக் கிடந்தது. இப்போது அதற்குப் பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயர். ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். பணியில் இருந்தவரை அதன் வாசலை மிதிக்காத நான், ஓய்வுக்குப் பிறகு வாரம் இருமுறை பேத்திக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் பழகுவது டிராப். நம் புதுக்கோட்டை பிரிதிவிராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாரே, அதே பிரிவு. களிமண் தட்டு என்று பெயரே தவிர அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்தது. 110 மில்லிமீட்டர் குறுக்களவு. எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாமல், மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

சென்ற ஆண்டு 25-க்கு 19 அடித்துக்கொண்டிருந்தவள், புதுக் கண்ணாடி போட்டபின் 14-க்கு இறங்கினாள். இரண்டாம் சுற்றிலேயே தலைவலி. "எனக்கு இது வராது தாத்தா, விட்டுடறேன்" என்றாள். தோட்டா விற்கிற விலையில் அவள் அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை அழுத்தித் தலையைக் குனிந்து பார்க்கையில், பார்வை கண்ணாடியின் நடுவே போவதில்லை. பயிற்சியாளர் குழலைத் திறந்து காலியென்று காட்டியபின் அவளைத் தோளில் ஏற்றச் சொன்னேன். பக்கவாட்டில் நின்று ஒரு காகிதத் துண்டைக் கண்ணாடிமேல் நகர்த்தி, தூரத்துக் கம்பம் மறைகிற இடத்தில் ஒட்டினேன். இரு கண்ணுக்கும் மையத்துக்கு 8 மில்லிமீட்டர் மேலே! வலக் கண்ணில் மூக்குப் பக்கமாகவும் தள்ளியிருந்தது.

மையம் விலகினால் லென்ஸ் முப்பட்டகம் போல் வேலை செய்யும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் அதன் அளவு. அவளுக்கு வலது மைனஸ் 3, இடது மைனஸ் 1.5. ஆக வலதில் 2.4, இடதில் 1.2. இரண்டும் சமமாக இருந்தால் பாதகமில்லை. இங்கே ஒரு கண்ணின் காட்சி மற்றதைவிட மேல்கீழாக நிற்கிறது. தண்டவாளத்தில் இதைத்தான் நாங்கள் கிராஸ் லெவல் கோளாறு என்போம். தலை வலிக்காமல் என்ன செய்யும்?

மூக்குத் தாங்கியை ஏற்றி இறக்கும் வசதியுள்ள பெரிய ஃபிரேம் வாங்கி, காகிதம் ஒட்டிய இடத்திலேயே மையம் வைக்கச் சொன்னோம். "நடக்கும்போது தலை சுற்றுமே சார்" என்றார் கடைக்காரர். நியாயம்தான், நடக்க வேறு கண்ணாடி இருக்கிறது. நம் வயதுக்காரர் யாராவது சுடப் போனால் புரொக்ரெசிவ் வேண்டாம்; அதில் ஓரப் பார்வை கோணும். தூரப் பவர் மட்டும் போதும்.

லென்ஸ் பாலிகார்பனேட். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. உடைந்த தட்டின் சில்லு ஒரு நாள் அவள் லென்ஸில் பட்டுத் தெறித்தது. கீறல்தான் விழுந்தது. அந்த இடத்தில் சாதாரணக் கண்ணாடியை நினைத்துப் பார்க்கவே எனக்குக் கை நடுங்கியது.

நிறத்தில் நாங்களும் ஏமாந்தோம். அழகுக்காக முதலில் வாங்கியது கரும் சாம்பல்; டில்லியின் மார்கழிக் காலையில் தட்டே தெரியவில்லை. மங்கிய வெளிச்சத்துக்கு மஞ்சள், பச்சைப் பின்னணியில் ஆரஞ்சுத் தட்டைத் தூக்கிக் காட்ட இளஞ்சிவப்பு. பவரோடு மூன்று நிறம் வாங்க என் பென்ஷன் இடம் தராது. எனவே இளஞ்சிவப்பு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

போன ஞாயிறு 18 அடித்தாள். தலைவலி பற்றிப் பேச்சில்லை. திரும்பி வரும் வழியில், "சனிக்கிழமை சீக்கிரம் கிளம்பலாம் தாத்தா" என்றாள்.