சிலந்தி ஏன் சாப்பிடவில்லை?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எப்போதாவது ஒரு நண்டு கைக்கு மெத்தென்று இருக்கும். ஓட்டை அழுத்தினால் அமுங்கும். அது நோய் பிடித்த நண்டு அன்று. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகுவதற்காகக் காத்திருக்கும் நண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு சிலந்தியின் கதைக்கு வருவோம்.

டாரண்டுலா என்பது உடலெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி. வெளிநாடுகளில் பலர் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி வரும் கவலை ஒன்று உண்டு. நேற்றுவரை பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடித்த குட்டிச் சிலந்தி, திடீரென்று உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரம் ஆகும், இரண்டு வாரம் ஆகும், எதையும் தொடாது. செத்துவிடுமோ?

பெரும்பாலும் சாகாது. அது வளரப்போகிறது!

முத்துச் சிப்பியைப் பாருங்கள். 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்களே, அதே சிப்பிதான். அது வளர வளர, ஓட்டின் விளிம்பில் புதிய சுண்ணாம்புப் படலத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆகவே ஓட்டைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. நண்டும் சிலந்தியும் அப்படியல்ல. அவை கணுக்காலிகள். கைட்டின் என்னும் பொருள் கலந்த விறைப்பான சட்டை உடல் முழுவதையும் மூடியிருக்கிறது. சட்டை பெரிதாகாது. வளர வேண்டுமானால் அதை உரித்துத்தான் ஆக வேண்டும்.

உரிப்பதற்கு முன் பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் உருவாகிறது. உறிஞ்சும் இரைப்பையின் உள்தோல்கூடப் புதுப்பிக்கப்படுகிறது. இந்த நேரத்தில் சாப்பாடு எப்படி இறங்கும்? நாள் வந்ததும் சிலந்தி மெத்தைபோல் நூல் விரித்து, பெரும்பாலும் மல்லாந்து படுத்துவிடும். வயிற்றிலுள்ள திரவத்தைத் தலைமார்புப் பகுதிக்குத் தள்ளும். அழுத்தம் தாங்காமல் மேல்தோல் மூடிபோல் திறந்துகொள்ளும். பிறகு எட்டுக் கால்களையும் பழைய உறைகளிலிருந்து மெல்ல மெல்ல உருவி எடுக்கும்.

இங்கேதான் ஆபத்து. மல்லாந்து கிடப்பதைப் பார்த்து, "ஐயோ, செத்துவிட்டது!" என்று தூக்கி எறிந்துவிடுவோரும் உண்டு, குச்சியால் புரட்டிவிடுவோரும் உண்டு. புதுத் தோல் அப்போது ஈரத் தாள்போல் மென்மையானது. கிழிந்தால் உயிர் போய்விடும். பெட்டியில் விட்ட வெட்டுக்கிளிகூட எமனாகலாம். அசையாமல் கிடக்கும் சிலந்தியை அதுவே கடித்துவிடும்!

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? வயிற்றைக் கவனியுங்கள். வயிறு பருத்து, தோல் மங்கலாக இருந்தால் கவலை வேண்டாம். தின்னாத பூச்சியை வெளியே எடுத்துவிட்டு, ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். தோலுரித்த பிறகும் உடனே இரை கொடுக்கக்கூடாது. வெளுத்திருக்கும் நச்சுப்பற்கள் கறுத்து இறுகச் சில நாட்கள் ஆகும். மாறாக, வயிறு சுருங்கி, கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தால், அது பெரும்பாலும் நீர் வற்றியதன் அடையாளம். சிலந்தி திரவ அழுத்தத்தால்தான் கால்களை நீட்டுகிறது. உடனே தண்ணீர் வேண்டும்.

நம் மன்னார் வளைகுடாக் கரையிலும் ஒரு டாரண்டுலா இருக்கிறது. இராமேசுவரத்து அனுமன் கோயில் ஒன்றின் பெயரால், 2004-ல் அதற்கு 'பெசிலோத்தீரியா அனுமவிலாசுமிகா' என்று பெயர் சூட்டினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் இது வாழ்கிறது. மரப்பொந்துகளே இதன் வீடு. மரங்கள் வெட்டப்படுவதால் இவ்வினம் அழியும் நிலையில் இருக்கிறது. இந்தப் பேரினத்துச் சிலந்திகளின் பன்னாட்டு வணிகம் 2019 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். ஆகவே பிடிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்.

தோலுரிப்பதைப் பார்க்க ஆசையா? உங்கள் வீட்டுச் சுவரிலேயே பெரிய சிலந்தி ஒன்று இருக்குமே! மூலைமுடுக்கில், எட்டுக் கால்களுடன் காற்றில் ஆடும் வெற்றுக் கூடு ஒன்றைத் தேடுங்கள். 'செத்த சிலந்தி' என்று துடைப்பத்தை எடுக்காதீர்கள். அதன் சொந்தக்காரர் புதுச் சட்டையுடன் அருகிலேயே எங்காவது இருக்கலாம்!