சட்டையின் முதுகில் ஒரு பெயர்

விளையாட்டு வீரரின் சட்டையில் அவருடைய பெயரைப் பொறிப்பது உசிதமா, அல்லது அவர் சார்ந்த குழுவின் பெயர் ஒன்றே போதுமா என்னும் விவாதம் அமெரிக்காவின் பேஸ்பால் மைதானங்களில் நெடுங்காலமாக உண்டு. 1929-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் குழுவினர், பந்தடிக்க இறங்கும் வரிசையை அனுசரித்து, பேப் ரூத்துக்கு 3, லூ கெரிக்குக்கு 4 என்று இலக்கங்களைச் சூட்டினார்கள். பெயரையோ தங்கள் வழக்கமான சட்டையில் இன்றளவும் அனுமதித்தாரில்லை. 1960-இல், தொலைக்காட்சியில் ஆட்டம் காண்போரின் சௌகரியத்தை உத்தேசித்துப் பெயர் பொறிக்கத் தொடங்கியவர், சிகாகோ வைட் சாக்ஸ் குழுவின் அதிபர் பில் வீக்.

விநோதமான சம்பவம் ஐஸ் ஹாக்கியில் நிகழ்ந்தது. பெயர் கட்டாயம் என்று தேசிய ஹாக்கி லீக் விதித்தபோது, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் உரிமையாளர் ஹரால்ட் பாலார்ட், முதுகைப் பார்த்தே வீரரை அறிந்துகொள்ள முடியுமாயின் காசு கொடுத்து ஆட்ட விவரப் புத்தகம் வாங்குபவர் யார் என்று அஞ்சி, 1978-இல், நீலச் சட்டையின்மேல் நீல எழுத்துக்களாலேயே பெயர்களைத் தைக்கச் செய்தார். விதிக்கு விதியும் ஆயிற்று, மறைவுக்கு மறைவும் ஆயிற்று! லீக் அந்தக் குறும்பை ரசிக்கவில்லை. பிற்பாடு அவர் பணிய நேர்ந்தது.

குழுவின் மாண்பு பெரிதுதான். ஆயினும் தொலைவில் அமர்ந்திருக்கும் ரசிகனுக்குப் பெயர் ஓர் உபகாரம் என்பதே எம் அபிப்பிராயம். சம்பிரதாயத்தில் ஊறிய டெஸ்ட் கிரிக்கெட்டும், 2019 ஆகஸ்ட் மாதம் எட்ஜ்பாஸ்டனில் தொடங்கிய ஆஷஸ் போட்டிமுதல், வெள்ளைச் சட்டையில் பெயரையும் இலக்கத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.