லாந்தர் தொழிற்சாலையில் உருவான துப்பாக்கி

முதல் உலகப்போரின் இயந்திரத் துப்பாக்கி நிலைகொண்ட ஆயுதம். ஜெர்மனியின் எம்.ஜி. 08 குழலைச் சுற்றி நீர் உறை, கீழே கனத்த தாங்கி என்று 60 கிலோவைத் தாண்டும். முன்னேறும் படையோடு அது ஓடிவர முடியாது. தூக்கி ஓடக்கூடிய இலகு ரகங்களில் தோட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று காட்டியது ஜெர்மனியின் எம்.ஜி. 34. முன்புறம் இருகால் பொருத்தினால் ஒரு வீரர் தூக்கிச் செல்லலாம். முக்காலியில் ஏற்றினால் தொலைவில் உள்ள இலக்கையும் நின்று தாக்கும். நீருக்குப் பதில் காற்றே குழலைக் குளிர்விக்கும். சூடேறினால் கழற்றி வேறு குழல் மாட்டலாம். ஆனால் எஃகைக் கடைந்து, குடைந்து ஒன்றைச் செய்து முடிக்க ஏறத்தாழ 150 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. போர்முனைப் புழுதியும் அதற்கு ஆகவில்லை.

தீர்வு வந்தது ஆயுத வல்லுநரிடமிருந்து அல்ல. சாக்சனியின் டோபெல்ன் நகரில் தகட்டு லாந்தர்கள் செய்துவந்த குரோஸ்ஃபுஸ் நிறுவனத்தின் பொறியாளர் வெர்னர் குரூனர், பெருமளவு உற்பத்தியில் தேர்ந்தவர். துப்பாக்கியைப் புரிந்துகொள்ள, படைவீரர்களுக்கான பயிற்சியிலேயே போய்ச் சேர்ந்தார். தகட்டை அச்சில் அழுத்தி, வளைத்து, பற்றவைத்து உடலை அமைத்தார். சுடும் கணத்தில் குழலோடு பூட்டிக்கொண்டு, பின்னுதைப்பில் விடுபடும் இரண்டு சிறு உருளைகள்தான் உள்ளே முக்கிய உறுப்பு. 1942இல் வந்த எம்.ஜி. 42க்கு உழைப்பு நேரம் பாதியாகக் குறைந்தது. 4 லட்சத்துக்கும் மேல் தயாராயின.

நிமிடத்துக்கு சுமார் 1,200 தோட்டாக்கள். தனித்தனி வெடியாகக் காதில் விழாது. துணியைக் கிழிப்பது போன்ற ஒரே இரைச்சல். அதைக் கேட்டுக் கலங்கிய தன் வீரர்களுக்குத் தைரியமூட்ட அமெரிக்கப் படை பயிற்சிப் படமே எடுத்தது. இத்தனை திறமையும் நாஜிப் படையின் கையில் கொலைக்கருவியானது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வடிவமைப்பை ரசிக்க முடியாது. குரூனர் பின்னாளில் டிரெஸ்டனில் வேளாண் இயந்திரங்கள் பற்றிக் கற்பித்தார்.

எம்.ஜி. 42ஐப் பிரதியெடுக்க அமெரிக்கர்கள் செய்த முயற்சி சறுக்கியது. அவர்களது தோட்டாவின் உறை 6 மில்லிமீட்டர் நீளம் அதிகம். அதற்கேற்ற இடம் உள்ளே ஒதுக்கப்படாததால் வெற்று உறைகள் வெளியேறாமல் சிக்கின. போருக்குப்பின் வந்த அவர்களது எம்60 இயந்திரத் துப்பாக்கியில், இருகால் குழலோடு ஒட்டியே இருந்தது. குழலை மாற்றும்போதெல்லாம் துப்பாக்கியின் முன்பகுதி தாங்கலின்றி நின்றது.

பெல்ஜியத்தின் எர்னஸ்ட் வெர்வியே 1950களில் வேறு வழி கண்டார். பிரௌனிங்கின் தானியங்கித் துப்பாக்கியிலிருந்து பூட்டும் முறை, எம்.ஜி. 42இலிருந்து தோட்டாப் பட்டையை இழுக்கும் முறை: இரண்டையும் சேர்த்து எஃப்.என். மேக் உருவானது. இந்தியா அதை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. அமெரிக்கத் தரைப்படையும் எம்60ஐ ஒதுக்கிவிட்டு, 1990களில் எம்240 என்ற பெயரில் அதையே எடுத்துக்கொண்டது.