மெஷின் விலை குறைஞ்சாச்சு... சொந்தமா பவர்டேபிள் போடலாமா?

திருப்பூர்,

பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறையும் போதெல்லாம் திருப்பூர் டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பும். "பழைய மெஷின் பாதி விலைக்கு கிடைக்குது, ஷெட்டும் காலியா கிடக்கு. நாமளே நாலு மெஷின் போட்டா என்ன?" என்பதுதான் அது.

வாரத்துக்கு 3 ஷிப்டு கூட முழுசா கிடைக்காத டெய்லருக்கு இந்த எண்ணம் வருவதில் தப்பு இல்லை. ஆனால் மனைவியின் நகையை அடகு வைக்கும் முன்பு கணக்கு போட்டுப் பார்த்து விடுவது நல்லது.

சனிக்கிழமை கூலி

மெஷின் விலையை மட்டும் பார்த்து இறங்குபவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள். திருப்பூரில் வாரா வாரம் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். தைத்துக் கொடுத்த வேலைக்கு பில் பணம் அப்படி வாரா வாரம் வராது. மந்த நேரத்தில் கம்பெனிக்காரருக்கே வெளியில் பணம் முடங்கிக் கிடக்கும். 30 நாள் என்று பேசியது 60 நாள் ஆகும்.

உதாரணத்துக்கு, 8 பேருக்கு வாரம் ரூ.40 ஆயிரம் கூலி என்று வைத்துக் கொள்வோம். முதல் பில் பணம் வர 8 வாரம் ஆனால் அதற்குள் கூலிக்கு மட்டும் ரூ.3 லட்சத்து 20 ஆயிரம் கையை விட்டுப் போயிருக்கும். ஷெட் அட்வான்ஸ், வாடகை, நூல், ஊசி எல்லாம் தனி. மெஷின் ஓடாத மாதத்திலும் கரண்டு பில்லில் பிக்சட் சார்ஜ் கட்டித்தான் ஆக வேண்டும். கையில் இருப்பது மெஷினுக்கு மட்டும்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

மாவட்ட தொழில் மையம் மூலம் மானியக் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். ஆனால் மானியம் ரொக்கமாக கைக்கு வராது, வங்கிக்குத்தான் போகும். தவணையை நாம்தான் கட்ட வேண்டும்.

யாருக்கு தைப்பது?

எல்லா மந்தமும் ஒன்று அல்ல. 2008-ல் வெளிநாட்டில் வாங்குவது குறைந்தது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது ஆர்டர் இருந்தும் சாயம் போட வழியில்லாமல் தையல் வேலை படுத்தது. 2025 ஆகஸ்டு 27-ந்தேதி முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரையே நம்பி இருந்தவர்களுக்குத்தான் பலத்த அடி. ஐரோப்பாவுக்கும், காதர்பேட்டை வழியாக உள்நாட்டுக்கும் தைத்தவர்கள் கதை வேறு.

ஆகவே, வேலை கொடுப்பவரின் சரக்கு எந்த ஊருக்கு போகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஒரே கம்பெனியை நம்பி மெஷின் போட்டால், அந்த கம்பெனி படுக்கிற அன்றைக்கே இவரும் படுக்க வேண்டியதுதான்.

45 நாள்

குறு, சிறு தொழில் செய்பவருக்கு எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்து தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. அதற்கு உத்யம் பதிவு வேண்டும். ஆதார் எண்ணை வைத்து ஆன்லைனில் இலவசமாக பதியலாம். புரோக்கருக்கு காசு கொடுக்க வேண்டியது இல்லை. வேலை எடுக்கும் முன்பே பதிந்து விடுவது நல்லது. புகார் கொடுத்தால் அடுத்த வேலை வராதே என்று பலர் வாயை திறப்பது இல்லை, அது வேறு விஷயம்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கம்பெனிக்குள்ளேயே நாலு பேரை சேர்த்துக் கொண்டு பீஸ் ரேட்டில் காண்டிராக்ட் எடுக்கலாம். மெஷின், ஷெட், கரண்டு எல்லாம் முதலாளி பொறுப்பு. 2 மாதம் அப்படி ஓட்டினால், ஆள் நிற்பார்களா, பேசிய பணம் எத்தனை வாரத்தில் வருகிறது என்பது தெரிந்து விடும். பழைய மெஷின் அப்போதும் கிடைக்கும்.